டோஃபினே: ஒரு பேப்பர்காரங்க கெளப்பிவிட்ட எட்டு நாள் சைக்கிள் ரேஸ்

2025 ஜூன்ல ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம், வீட்ல டோஃபினே சைக்கிள் ரேஸோட கடைசி நாளைப் பாத்துட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்த சித்தி பையன் ஒரு பத்து நிமிஷம் கம்முனு பாத்துட்டு கேட்டான், "அண்ணா, முடிவுக் கோட்டை மொதல்ல தாண்டினது அந்தச் சின்னப் பையன், ஆனா மஞ்ச சட்டை போட்டு மேடைல நிக்கறது வேற ஆளு, என்னண்ணா இது, போங்காட்டமா இருக்கு?"

நியாயமான கேள்விதான். அன்னிக்கு கோட்டை மொதல்ல தாண்டினது லென்னி மார்டினேஸ்னு ஒரு ஃப்ரெஞ்சுப் பையன், கொஞ்சம் பின்னாடி சாவகாசமா வந்து மொத்த ரேஸையும் ஜெயிச்சது ஸ்லோவேனியாக்காரர் டாடேய் போகச்சார். அவனுக்கு அன்னிக்கு வாயால சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்க எழுதறேன், சைக்கிள் ரேஸ் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் படிக்கற மாதிரி.

மொதல்ல ஸ்டேஜ் ரேஸ்னா என்ன. ஒரே நாள்ல முடியற ரேஸ் இல்ல இது, தெனமும் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல முடியும், டோஃபினேல இப்ப எட்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்டேஜ். நூத்தம்பது இருநூறு கிலோமீட்டர் கூட ஒரே நாள்ல போவாங்க. எட்டு பேப்பர் பரீட்சை மாதிரின்னு வெச்சுக்கங்க. கணக்குல சென்டம் வாங்கினவன் ஒருத்தன், தமிழ்ல ஃபர்ஸ்ட் வந்தவ இன்னொருத்தி, ஆனா ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுனு ஒருத்தர் பேரைச் சொல்றாங்கல்ல, அது மொத்தத்தைக் கூட்டிப் பாத்து. இங்க மார்க்குக்கு பதிலா நேரம், அதுவும் கம்மியா இருக்கறவன்தான் ஃபர்ஸ்ட்டு. எட்டு நாளும் எடுத்துக்கிட்ட நேரத்தை கூட்டிக்கிட்டே வருவாங்க, அந்தந்த நாள் முடிவுல யாரோட கூட்டுத்தொகை கம்மியோ அவர் மறுநாள் மஞ்ச சட்டை போட்டுட்டு ஓட்டுவார், டோஃபினேல அந்த மஞ்சள்ல ஒரு நீலப் பட்டையும் இருக்கும்.

இதுல ரெண்டு சின்ன விதி தெரிஞ்சுக்கிட்டா போதும். கும்பலா ஒட்டிக்கிட்டு வந்து சேந்தா, அம்பதாவது ஆளா வந்தாலும் மொதல் ஆளோட நேரமே எல்லாருக்கும், நடுவுல இடைவெளி விழுந்தாதான் பின்னாடி இருக்கறவனுக்கு செகண்ட் ஏறும். அப்பறம் சாதாரணமா ஸ்டேஜ்ல மொதல் மூணு எடத்துக்கு வர்றவங்களுக்கு 10, 6, 4 செகண்டுனு கழிச்சுக் குடுப்பாங்க. கேக்கறதுக்கு ஜுஜுபியா இருக்கும், ஆனா எட்டு நாள் மலையெல்லாம் ஏறி எறங்கி கடைசில ஒருத்தன் தோக்கறது பத்து இருபது செகண்டுலதான்.

கும்பல்னு சொன்னேன்ல, பெலோட்டான்னு சொல்றாங்க அதை. எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சு டியூஷன் போனவங்களுக்கு அந்த கணக்கு புதுசில்ல, முன்னாடி ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி மெதுவா போச்சுன்னா அதுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு போவோமே, அதேதான். முன்னாடி போறவன் காத்தை வாங்கிக்கறான், பின்னாடி இருக்கறவனுக்கு மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். அதனாலதான் ஒரு டீமுக்கு ஏழு பேர் வந்தாலும் ஜெயிக்க வந்தது ஒருத்தரோ ரெண்டு பேரோதான், மிச்சப் பேர் அவருக்கு காத்து மறைக்கறது, பின்னாடி வர்ற டீம் கார்ல இருந்து தண்ணி பாட்டிலை முதுகுல சொருகிட்டு வந்து குடுக்கறது, பஞ்சர் ஆனா தன் வீலையே கழட்டிக் குடுக்கறதுனு இருப்பாங்க. மலைல இந்த கதை மாறிடும். ஏத்தத்துல வேகமே கொறைஞ்சுடறதால காத்து பெரிய விஷயம் இல்ல, ஆளோட சொந்த பலம்தான், அங்கதான் நிமிஷக் கணக்குல இடைவெளி விழும். டைம் ட்ரயல்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொருத்தரையா தனித்தனியா இடைவெளி விட்டு அனுப்புவாங்க, யார் முதுகுக்கும் பின்னாடி ஒளிய முடியாது. ஆக மலையும் டைம் ட்ரயலும்தான் மெயின் பேப்பர், மத்த நாளெல்லாம் பெரும்பாலும் பாஸ் ஆனா போதும்.

சரி, டோஃபினேக்கு வருவோம். இது ஃப்ரான்ஸோட தென்கிழக்குல, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல க்ரனோப்ள்னு ஒரு ஊர் இருக்கு, அதைச் சுத்தின பழைய பிரதேசத்தோட பேர். அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு, சைக்கிளுக்கு சம்பந்தமில்லாட்டியும் சொல்லிடறேன். டோஃபின்னா ஃப்ரெஞ்சுல டால்ஃபின் மீன், அந்தப் பகுதிய ஆண்டவங்களோட சின்னமே டால்ஃபின்தான். 1349-ல ரெண்டாம் உம்பேர்னு கடைசியா ஆண்டவர் அந்த நாட்டை அப்படியே ஃப்ரெஞ்சு அரச குடும்பத்துக்கு கைமாத்தி விட்டார், அதுக்கப்பறம் ஃப்ரான்ஸோட பட்டத்து இளவரசனுக்கெல்லாம் டோஃபின்னே பட்டம். மலைநாட்டு மீன் பேர் அரண்மனைக்குப் போய், ஃப்ரான்ஸ்ல ராஜாவே இல்லாத காலத்துல திரும்பி வந்து ஒரு சைக்கிள் ரேஸ்ல உக்காந்துக்குச்சு.

எப்படி உக்காந்துச்சுன்னா, பேப்பர் வழியா. 1945-ல, ஜெர்மன்காரன் ஆக்கிரமிப்பு முடிஞ்ச கையோட, க்ரனோப்ள்ல லு டோஃபினே லிபேரேனு ஒரு நாளிதழ் ஆரம்பிச்சாங்க, லிபேரேன்னா விடுதலையானதுனு அர்த்தம். ரெண்டு வருஷம் கழிச்சு 1947 ஜூன்ல அந்தப் பேப்பரே ஒரு சைக்கிள் ரேஸ் நடத்துச்சு, பேப்பர் பேரையே அதுக்கு வெச்சுட்டாங்க. எதுக்கு? பேப்பர் விக்கறதுக்குத்தான், இதுல ஒளிவு மறைவே கெடையாது.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு போகணும், ஏன்னா சைக்கிள் ரேஸ் வரலாறே எனக்கு இங்கதான் புரிஞ்சுது. ஃபுட்பால்னா மைதானத்துக்கு வேலி போட்டு டிக்கெட் விக்கலாம். ரோட்டுக்கு எப்படி டிக்கெட் விப்பீங்க? அதுவும் ஊர்க்காரன் காலைலேர்ந்து ரோட்டோரம் நாற்காலி போட்டு, சாப்பாடு கட்டிட்டு வந்து உக்காந்திருப்பான், கும்பல் சர்ருனு வந்து சர்ருனு போயிடும், அரை நிமிஷம் கூட இருக்காது. போனவங்கள்ல யார் மலைல ஏறினான், யார் விழுந்தான், யார் ஜெயிச்சான், ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா மறுநாள் காலைல பேப்பர் வாங்கணும்! எவ்ளோ அழகான வியாபாரம் பாருங்க, கண்ணுல கொஞ்சூண்டு காட்டிட்டு மிச்சத்தை காசுக்கு விக்கறது. சைக்கிள் ரேஸ்லயே பெரிய ரேஸான டூர் டி ஃப்ரான்ஸும் (சுருக்கமா டூர்) இப்படித்தான், 1903-ல லோட்டோங்கற பேப்பர் ஆரம்பிச்சது, அது மஞ்சக் காகிதத்துல அச்சடிப்பாங்க, டூர்ல மஞ்ச சட்டை வந்தது அதனாலதான்னு சொல்வாங்க. இத்தாலில 1909-ல ஜீரோ டி இத்தாலியாங்கற ரேஸை ஆரம்பிச்ச பேப்பரோட காகிதம் ரோஸ் கலர், அங்க ரோஸ் சட்டை. அப்ப எட்டு நாள் ரேஸ்ங்கறது எட்டு நாள் தொடர்கதை, தெனமும் ஒரு அத்தியாயம். டோஃபினேயையும் அப்படித்தான் பாக்கணும்னு நான் நெனைக்கறேன், யார் ஜெயிச்சாங்கங்கற பட்டியலை விட நடுவுல நடந்த அத்தியாயங்கள்தான் அதோட வரலாறு.

மொதல் வருஷம் ஜெயிச்சது எட்வர்ட் க்ளபின்ஸ்கினு ஒரு போலந்துக்காரர். அதே 1947 ஜூன் கடைசிலதான் உலகப் போருக்கப்பறம் மொத தடவையா டூர் டி ஃப்ரான்ஸும் திரும்ப நடந்துச்சு. அப்பறம் பெரிய பெரிய ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க, 1955-ல லூயிஸான் போபே ஜெயிச்சு அதே வருஷம் டூரையும் ஜெயிச்சார், 1963-ல ஜாக் அங்கெத்தில் அதையே பண்ணார். பட்டியலை அங்க நிறுத்திக்கறேன், ஏன்னா அங்கெத்தில் 1965-ல பண்ணின காரியத்தைத்தான் சொல்லியாகணும்.

அங்கெத்தில் அப்பவே அஞ்சு தடவை டூர் ஜெயிச்சவர். ஆனா ஜனங்களுக்கு அவர் மேல பிரியம் இல்ல, எப்பப் பாத்தாலும் கணக்குப் போட்டு ஓட்டற ஆளு, அலட்டிக்காத முகம். ஊரே கொண்டாடினது ரேமோன் புலிடோரை, கிராமத்துப் பையன், அடிக்கடி ரெண்டாவது மூணாவது வந்து தோத்துட்டே இருப்பார், அதுக்காகவே இன்னும் ஜாஸ்தி கைதட்டு வாங்குவார். அங்கெத்திலோட மேனேஜர் ரஃபேல் ஜெமினியானி ஒரு யோசனை சொன்னார், இன்னொரு டூர் ஜெயிச்சா மட்டும் யாரும் உன்னைக் கொண்டாடப் போறதில்ல, எவனும் பண்ணாத ஒண்ணைப் பண்ணு, டோஃபினேய ஜெயிச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே போர்டோ – பாரிஸ் ரேஸ்ல போய் நில்லு. போர்டோ – பாரிஸ்னா ஒரே மூச்சுல 557 கிலோமீட்டர், ராத்திரி கிளம்பி மறுநாள்தான் முடியும். கேட்டவுடனே யாரா இருந்தாலும் போய்யானு எழுந்திரிச்சுப் போயிருப்பாங்க.

1965 மே 29, அவினியோன் ஊர்ல டோஃபினே முடிஞ்சுது. அங்கெத்தில் ஜெயிச்சார், ரெண்டாவது வந்தது வேற யாரு, புலிடோரேதான். எட்டு நாள் ஆல்ப்ஸ்ல ஏறி எறங்கின உடம்பு, அதுவும் மழைன்னாலே அவருக்கு ஆகாது, அந்த வாரம் மழை வேற. பரிசு வாங்கி, பேட்டி குடுத்து, நீம் ஊருக்குப் போய் அங்கேர்ந்து ப்ளேன் புடிச்சு போர்டோல எறங்கி, நடுராத்திரி சாப்பிட உக்காந்தார். ஊரடங்கின நேரத்துல சைக்கிளை எடுத்தார். ராத்திரி பூரா வயித்து வலி, ஒண்ணும் எறங்கல, ஒரு கட்டத்துல போதும்டா சாமின்னு நிறுத்தப் பாத்தார். பின்னாடி கார்ல வந்த ஜெமினியானி ஆறுதல் சொல்லல, கன்னாபின்னானு திட்டினார், ரோஷம் வர்ற மாதிரி. ரோஷம் வந்துச்சு. விடிஞ்சதும் உடம்பும் கொஞ்சம் தேறிச்சு.

அந்த ரேஸ்ல பாதி தூரத்துக்கு மேல ஒவ்வொரு வீரருக்கும் முன்னாடி டெர்னினு ஒரு குட்டி மோட்டார் வண்டி போகும், அது மறைக்கற காத்துல ஒட்டிக்கிட்டு படு வேகமா மிதிக்கணும். இங்கிலாந்துக்காரர் டாம் சிம்ப்ஸன் தப்பிச்சு ஓடப் பாத்தார், அங்கெத்திலும் அவரோட டீம் ஆள் ஜான் ஸ்தப்ளின்ஸ்கியும் மாத்தி மாத்தி சிம்ப்ஸனை இழுத்தடிச்சாங்க. ஒருத்தன் ஓடினா இவர் துரத்தணும், புடிச்சதும் இன்னொருத்தன் ஓடுவான். சிம்ப்ஸன் காலி. பாரிஸ்ல பார்க் தே ப்ரான்ஸ் மைதானத்துக்குள்ள அங்கெத்தில் தனியா நுழைஞ்சார், ஸ்தப்ளின்ஸ்கி 57 செகண்ட் பின்னாடி. அந்த வருஷம் டூருக்கு அங்கெத்தில் போகவே இல்ல, ஒரு டூரை விட்டுட்டு ஒரு கதையை வாங்கிக்கிட்டார்னுதான் சொல்லணும், அறுபது வருஷம் கழிச்சு நான் உக்காந்து எழுதறேன்னா வியாபாரம் நஷ்டமில்ல.

1967, 68 ரெண்டு வருஷம் ரேஸ் நடக்கல. மறுபடி ஆரம்பிச்சு எழுபதுகள்ல எடி மெர்க்ஸ், லூயிஸ் ஒக்கான்யானு பெரிய தலைங்க ஜெயிச்சாங்க. எனக்கு எழுபதுகள்னாலே 1977தான்.

பெர்னார் இனோ, ப்ரித்தானி பக்கத்துப் பையன், அப்ப வயசு 22. அந்த வருஷம் ரெண்டு பெரிய ஒருநாள் ரேஸ் ஜெயிச்சிருந்தாலும் டூர் டி ஃப்ரான்ஸ் இன்னும் ஓட்டினதே இல்ல. க்ரனோப்ள்ல முடியற ஸ்டேஜ்ல கோல் தெ போர்த்துனு ஒரு மலைய மொத ஆளா தாண்டி எறங்கிட்டிருக்கார், பின்னாடி பெர்னார் தெவ்னே, வான் இம்ப் மாதிரி டூரையே ஜெயிச்ச ஆளுங்க துரத்தறாங்க. டிவில லைவ் ஓடுது. ஒரு கொண்டை ஊசி வளைவு, ப்ரேக் புடிக்கறார், சைக்கிள் திரும்பல, நேரா போய் ரோட்டு விளிம்பைத் தாண்டி ஆளு காணோம். திரைல வெறும் ரோடுதான் தெரியுது, பாத்தவங்களுக்கெல்லாம் அவர் கதை முடிஞ்சுதுன்னுதான் தோணியிருக்கும். பள்ளத்துல ஒரு மரம் அவரைத் தடுத்து நிறுத்திருச்சு. சைக்கிள் கீழ போயிடுச்சு, ஆளு மட்டும் கையும் காலுமா மேல ஏறி வர்றார். வேற சைக்கிள் குடுத்தாங்க, ஏறி உக்காந்துட்டார்.

அது மட்டும் இல்ல. க்ரனோப்ள் ஊருக்குள்ள பாஸ்தீங்கற கோட்டை மேட்டுல கடைசி ஏத்தம், செவுரு மாதிரி செங்குத்து. விழுந்த அதிர்ச்சி அப்பதான் உடம்புல ஏறியிருக்கும் போல, பாதி ஏத்தத்துல சைக்கிளை விட்டு எறங்கி தள்ளிட்டு நடந்தார். எத்தனை பேர் பாத்திருப்பாங்க அதை! அப்பறம் மறுபடி ஏறி மிதிச்சு, அந்த ஸ்டேஜையும் ஜெயிச்சார், மொத்த ரேஸையும் ஜெயிச்சார், தெவ்னேவை விட வெறும் 9 செகண்ட் வித்தியாசத்துல. அந்த 9 செகண்டை வெச்சு யோசிச்சுப் பாருங்க, பள்ளத்துலேர்ந்து ஏறி வர்றதுக்கு இன்னும் ஒரு பத்து செகண்ட் ஜாஸ்தி ஆகியிருந்தா? அடுத்த மாசம் டூர் ஜெயிச்சது அதே தெவ்னே, இனோவை அவரோட மேனேஜர் சிரில் கிமார் அந்த வருஷம் டூருக்கு அனுப்பல, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோனு வெச்சிருந்தார். 1978-ல போனார், மொத தடவையே ஜெயிச்சார், மொத்தம் அஞ்சு டூர். டோஃபினேய மூணு தடவை. இந்த மூணுதான் இன்னிக்கு வரைக்கும் ரெக்கார்டு, லவ்ரெடி, ஒக்கான்யா, இனோ, மொத்தே, ஃப்ரூம்னு அஞ்சு பேர் மூணு மூணு வெச்சிருக்காங்க, நாலாவது யாருக்கும் கெடைக்கல.

எண்பதுகள்ல ரெண்டு விஷயம் சட்டுனு சொல்லிட்டு போயிடறேன். 1983-ல மொதல்ல வந்தது பாஸ்கல் சிமோன், ஊக்கமருந்து சோதனைல மாட்டினதால பத்து நிமிஷம் தண்டனை, பட்டம் அமெரிக்கப் பையன் க்ரெக் லெமாண்டுக்குப் போச்சு. 1984-ல கொலம்பியாவோட மார்ட்டின் ராமிரெஸ் வந்து இனோவையே தோக்கடிச்சார், ஐரோப்பாக்காரங்க மலைன்னு நெனைச்சிட்டிருந்ததை ஆண்டிஸ்லேர்ந்து வந்தவங்க மேடுனு ஆக்கிட்டாங்க. ஊக்கமருந்து விஷயம் அதோட முடியல, 2002, 2003-ல ஜெயிச்ச ஆர்ம்ஸ்ட்ராங் பேரையும் பின்னாடி அடிச்சுட்டாங்க, பட்டியல்ல அந்த எடமெல்லாம் பல்லு போன மாதிரி இருக்கும்.

இப்ப எல்லாரும் சொல்ற ஒரு விஷயத்துக்கு வர்றேன், டோஃபினேன்னா டூருக்கு ரிகர்சல். திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கே போறேன், ஜூலைல டூர் பப்ளிக் எக்ஸாம், ஜூன்ல டோஃபினே மாடல் எக்ஸாம். அதே மலை, அதே வெயில், அதே எதிரிங்க. ஸ்விட்சர்லாந்துல அதே மாசம் நடக்கற ரேஸ்ல போய் எழுதறவங்களும் உண்டு. இந்த மாடல் எக்ஸாம்ல ஒரு தடவை கொஸ்டின் பேப்பரே முன்னாடி குடுத்தாங்க, அது 2011. அந்த வருஷம் டூரோட கடைசிக்கு முந்தின நாள் க்ரனோப்ள்ல 42.5 கிலோமீட்டர் டைம் ட்ரயல், அதே ரோட்டை அச்சு மாறாம ஜூன்லயே டோஃபினேல ஓட விட்டாங்க. ஆஸ்திரேலியாவோட கேடல் எவன்ஸ் டோஃபினேக்கு வந்து மொத்தத்துல ரெண்டாவது வந்தார். லக்ஸம்பர்க்கோட ஆண்டி ஷ்லெக் அந்தப் பக்கம் ஸ்விட்சர்லாந்து ரேஸுக்குப் போயிட்டார். ஜூலைல அந்த நாள் வந்தப்ப ஷ்லெக் மஞ்ச சட்டைல, எவன்ஸ் 57 செகண்ட் பின்னாடி. டைம் ட்ரயல் முடிஞ்சப்ப எவன்ஸ் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல முன்னாடி. எவன்ஸ் எப்படியும் டைம் ட்ரயல்ல ஷ்லெக்கை விட கெட்டிதான், அதை மறுக்கல, ஆனா எந்த வளைவுல ப்ரேக் வேண்டாம்னு ரேஸ் வேகத்துல ஏற்கனவே தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

ஒரே வருஷத்துல ரெண்டையும் ஜெயிச்சவங்க அப்பறம் வரிசையா வந்தாங்க, 2012 விக்கின்ஸ், 2013, 15, 16 ஃப்ரூம், 2018 கெரைன்ட் தாமஸ், 2023 விங்கெகோர், 2025 போகச்சார். 2025 இன்னும் வேடிக்கை, டோஃபினேல போகச்சார், விங்கெகோர், லிபோவிட்ஸ்னு மூணு எடம், டூர்லயும் அதே மூணு பேர் அதே வரிசைல. பாத்தா ரேஸே தேவையில்ல, ஜூன்லயே கப்பைக் குடுத்து அனுப்பிடலாம்னு தோணும். ஆனா 2014-ல டோஃபினே ஜெயிச்சவருக்கும் டூர் ஜெயிச்சவருக்கும் சம்பந்தமே இல்ல, அந்தக் கதைய கடைசில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி 2019. மாடல் எக்ஸாம் எழுதப் போய் கையை ஒடச்சுக்கிட்டவன் கதை இது. கிறிஸ் ஃப்ரூம் அப்ப நாலு டூர் ஜெயிச்சவர், அஞ்சாவது ஜெயிச்சா அங்கெத்தில், இனோ வரிசைல போய் நிப்பார். ருவான் ஊர்ல டைம் ட்ரயல், ரேஸ் மத்தியானம்தான், அதுக்கு முன்னாடி ரோட்டைப் பாத்துட்டு வரலாம்னு சும்மா ஓட்டறார். ஒரு எறக்கத்துல மூக்கைச் சீந்தறதுக்காக ஒரு கையை ஹேண்டில்பார்லேர்ந்து எடுத்தார். அந்த நேரம் பாத்து காத்து ஒரு தூக்கு தூக்குச்சு, அம்பது கிலோமீட்டருக்கு மேல வேகத்துல போய் ஒரு வீட்டுச் செவுத்துல மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்பு எல்லாம் போச்சு. மாசக்கணக்குல படுத்து எழுந்து திரும்ப ஓட்ட வந்தார், ஆனா அதுக்கப்பறம் ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. ரேஸ்ல விழுந்திருந்தா கூட மனசு கொஞ்சம் ஆறும். மூக்கு சீந்தினதுக்கு இவ்ளோவா?

நிர்வாகம் பக்கம் சொல்லணும்னா, 2010-லேர்ந்து இதை நடத்தறது டூர் டி ஃப்ரான்ஸை நடத்தற அதே ஏஎஸ்ஓ கம்பெனி. அப்பதான் பேர்லேர்ந்து லிபேரேங்கற வார்த்தை போச்சு, க்ரிட்டேரியம் டு டோஃபினேனு ஆச்சு. 2020-ல கொரோனாவால டூரே ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப் போனதால இதை ஆகஸ்ட் நடுவுல அஞ்சே நாள்ல முடிச்சாங்க. இப்ப 2026-லேர்ந்து டோஃபினேங்கற பேரையும் எடுத்துட்டு டூர் ஓவெர்ன்ய ரோன் ஆல்ப்னு மாத்தறோம்னு அறிவிச்சாங்க, அது இப்ப அந்தப் பிராந்திய அரசாங்கத்தோட பேர். மொதல்ல பேப்பர் பேர், இப்ப பிராந்தியத்தோட பேர், பேரைப் பாத்தாலே எந்தக் காலத்துல யார் பக்கம் துட்டு இருந்துச்சுனு தெரிஞ்சுடுது. நான் டோஃபினேனுதான் சொல்லிட்டிருக்கப் போறேன், மவுண்ட் ரோடுக்கு அண்ணா சாலைனு பேர் வந்து எத்தனை வருஷமாச்சு, எத்தனை பேர் மாத்திக்கிட்டாங்க.

பாக்கணும்னு ஆசை வந்திருந்தா ஒண்ணு சொல்றேன், மொத நாளே உக்காந்து நாலு மணி நேரம் பாக்காதீங்க, தூக்கம் வரும், எனக்கே வரும், அங்க இருக்கற திராட்சைத் தோட்டமும் கோட்டையும் எவ்ளோ நேரம்தான் பாக்கறது. கடைசி மூணு நாள் மலை ஸ்டேஜ்ல கடைசி ஒரு மணி நேரம் பாருங்க. ஜூன்ல ஃப்ரான்ஸை விட நாம மூன்றரை மணி நேரம் முன்னாடி, அதனால ஸ்டேஜ் முடியறப்ப நமக்கு பெரும்பாலும் சாயங்காலம் காப்பி டம்ளரை வெச்சுட்டு உக்காரற நேரமோ ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியோதான் இருக்கும்.

சரி 2014. ஏழு நாள் முடிஞ்சு எட்டாவது நாள் காலைல மஞ்ச சட்டை ஸ்பெயினோட ஆல்பர்ட்டோ கான்டடோர்கிட்ட, 8 செகண்ட் பின்னாடி ஃப்ரூம், மூணாவதா 39 செகண்ட் பின்னாடி ஆண்ட்ரூ டாலன்ஸ்கினு ஒரு அமெரிக்கர். உலகமே பாத்துட்டிருந்தது மொத ரெண்டு பேரை. அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் மட்டும்தான் பாத்துட்டிருந்தாங்க, இவன் ஓடினா அவன் ஓடுவான்னு. மெஜேவ்லேர்ந்து கூர்ஷவேல் வரைக்கும் மலைரோடு. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஒரு கும்பல் முன்னாடி தனியா பிரிஞ்சு ஓடுச்சு, வழக்கமா இப்படி ஓடற கும்பல்ல மொத்தக் கணக்குல பின்தங்கின ஆளுங்கதான் இருப்பாங்க, அதான் விட்டுடுவாங்க. இந்த தடவை அதுல டாலன்ஸ்கியும் இருந்தார். யார் துரத்தறது? கான்டடோர் கூட ஆள் பத்தல, ஃப்ரூமோட டீமும் துரத்திப் பாத்துச்சு, ரெண்டு நாள் முன்னாடி விழுந்ததுல அடிபட்ட ஃப்ரூமுக்கு அன்னிக்கு கால் வரல, கடைசில கான்டடோர் எல்லாரையும் விட்டுட்டு தனியாவே துரத்தக் கிளம்பினார்.

கோட்டை மொதல்ல தாண்டினது மிகெல் நியேவே, அன்னிக்கு ஸ்டேஜ் அவருக்கு. கொஞ்சம் பொறுத்து டாலன்ஸ்கி வந்தார். அவர் தாண்டின நொடிலேர்ந்து கான்டடோருக்குக் கணக்கு ஆரம்பம், 39 செகண்டுக்குள்ள வந்துட்டா கப்பு கான்டடோருக்கு. இருபது, முப்பது, ரோட்டுல ஆளைக் காணோம். முப்பத்தொன்பது, நாப்பது. கான்டடோர் கோட்டைத் தொட்டப்ப கடிகாரம் ஒரு நிமிஷத்தையே தாண்டிடுச்சு, டாலன்ஸ்கி 27 செகண்டுல டோஃபினேய ஜெயிச்சுட்டார், எட்டு நாள்ல ஒரு ஸ்டேஜ் கூட மொதல்ல வராம. அடுத்த மாசம் டூர்ல ஃப்ரூமும் கான்டடோரும் விழுந்து அடிபட்டு வீட்டுக்குப் போனாங்க, டாலன்ஸ்கியும் பல தடவை விழுந்தார், ஒரு நாள் எல்லாரும் விட்டுட்டுப் போனப்பறம் ரோட்டோரத் தடுப்புல தனியா கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு எழுந்து போய் ஸ்டேஜை முடிச்சுட்டுதான் மறுநாள் விலகினார், டூரை ஜெயிச்சது நிபாலி.

இதைச் சொல்லி முடிச்சதும் சித்தி பையன் கேட்டது, "அப்ப அந்த நியேவேக்கு என்னண்ணா குடுத்தாங்க?"